நவலப்பிட்டி நானாவின் கொட்டகை: பழைய எஞ்சின் சாமான் தேடுகிறவர்களுக்கு

பெட்டி பிரிக்காத புதுச் சாமான்தான் வேண்டும் என்றால் இந்தக் கடைக்குப் போக வேண்டாம். கழற்றிப் பார்த்து, அளந்து பார்த்து, கிரீஸ் கையோடு பிளேன்டீ குடித்து, அரை நாளை அங்கேயே தொலைக்கத் தயாராக இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மலைநாட்டில் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் பழைய லேண்ட் ரோவரும் வைத்திருக்கும் பலருக்கு இந்த இடம் தெரியும். தெரிந்தவர்கள் வாய் திறப்பதில்லை. ஆள் கூடினால் சாமான் தீர்ந்துவிடுமாம். எனக்கு அந்தக் கஞ்சத்தனம் பிடிக்காது.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. "பேர் கீர் ஒண்ணும் போட்டுராதீங்க டீச்சர். போட்டா சாமான் வாங்குறவன் வர மாட்டான், வரிக்காரன்தான் வருவான்" என்று சொந்தக்காரர் கேட்டுக்கொண்டார். ஆகவே அவர் இங்கே வெறும் நானாதான்; நாங்கள் கூப்பிடுவதும் அப்படித்தான். நவலப்பிட்டியிலிருந்து கம்பளைப் பக்கம் போகும் ரோட்டில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வாசலில் இடுப்புயரத்துக்கு ஒரு பிளைவீல் சுவரில் சாய்ந்து நிற்கும். ஹட்டன் பக்கமிருந்து வருகிறவர்கள் ரயிலில் வந்துவிடலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான் வருவேன், தேடி வரும் சாமான் இல்லாமல் வண்டி ஓடாது என்பதால்.

என் வண்டி 1963 மொரிஸ் 1000. அப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தபோது, சீமைக்குப் புறப்பட்ட சின்னத்தொரை ஒருவரிடம் வாங்கியது. அப்பாவுக்குப் பிறகு அண்ணன்மார் யாரும் அதைச் சீண்டவில்லை, எனக்கு வந்தது. மொரிஸ் மைனர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துச் சாமான் வாங்கப் போகாதீர்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் கார், 1971 வரை நான்கு எஞ்சின்களைப் பார்த்துவிட்டது. முதலில் வந்தது 918 சி.சி. சைட்வால்வ், அதாவது வால்வ் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருப்பது. 1952இல் தலையில் வால்வ் வைத்த 803 வந்தது. 1956இல் 948, 1962 கடைசியில் 1098. பின்னால் வந்த மூன்றும் ஒரே ஏ-சீரிஸ் குடும்பம். பார்க்க அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். என் எஞ்சின் தகட்டில் நம்பர் 10எம்ஏ என்று தொடங்கும், அது 1098. 948 ஆக இருந்தால் 9எம், அதிலும் ஆரம்பத்தில் வந்த 948 என்றால் ஏபிஜேஎம். ஆனால் தகடு ரிவெட் அடித்த துண்டுதானே, யாரும் கழற்றி வேறு புளொக்கில், அதாவது வேறு எஞ்சினின் அடி உடம்பில், அடித்துவிடலாம். அடித்திருக்கிறார்கள்.

எனக்குத் தேவைப்பட்டது சிலிண்டர் ஹெட், புளொக்கின் மேல் வால்வுகளோடு உட்காரும் பாகம். வட்டவளை ஏற்றத்தில் வண்டி இழுவை இல்லாமல் திணறியது. கம்ப்ரஷன் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில் காற்றே நிற்கவில்லை. எக்ஸோஸ்ட் வால்வ் எரிந்து, அது உட்காரும் சீட்டும் ஹெட்டுக்குள் இறங்கிப் போயிருந்தது. இது நம் நாட்டுப் பழைய வண்டிகளுக்குப் பொதுவான வியாதி. அந்தக் காலத்து ஹெட்டில் வால்வ் சீட் தனியாக வைத்ததில்லை, வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. பெற்றோலில் ஈயம் கலந்திருந்தவரை அந்த ஈயம் சீட்டின் மேல் படிந்து காப்பாற்றியது. 2002இல் ஈயப் பெற்றோல் நின்றது. ஊரின் சுகத்துக்கு நல்லது, இந்த ஹெட்டுகளுக்குக் கெட்டது. மலையேற்றத்தில் கால் எடுக்காமல் இரண்டாம் கியரில் இழுக்கும்போது வால்வ் சூடேறி சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். சீட் இறங்க இறங்க, வால்வுக்கும் அதை அமுக்கும் ரொக்கருக்கும் நடுவிலுள்ள டெப்பட் இடைவெளி குறையும். 0.012 அங்குலம் இருக்க வேண்டியது ஒன்றுமில்லாமல் போகும். பிறகு வால்வ் முழுதாக மூடாது, மூடாத வால்வ் எரியும். சமவெளியில் ஓடும் வண்டிக்கு இது மெதுவாக நடக்கும், நமக்கு வேகமாக.

முதலில் கொழும்புக்குத்தான் போனேன். மருதானைப் பஞ்சிகாவத்தையில் கிடைக்காத மோட்டார் சாமான் இல்லை என்பது நாடறிந்த கதை, அதில் பொய்யும் இல்லை. ஆனால் அங்கே ஒரு கடையில் ஹெட்டைக் காட்டி "1098 தான் மிஸ், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்க" என்றார்கள். ஹெட்டின் மேல் மூடியான ரொக்கர் கவரைக் கழற்றச் சொன்னேன். "வாங்கினால் கழற்றலாம்" என்றார்கள். ஏ-சீரிஸ் ஹெட்டின் வார்ப்பு நம்பர் கவருக்கு அடியில்தான் இருக்கிறது. 12ஜி202 என்றால் 1098க்கு உரியது, 2ஏ629 என்றால் 948க்கு உரியது. இரண்டும் ஒரே புளொக்கில் அழகாக உட்காரும், போல்ட் எல்லாம் பொருந்தும். அதில்தான் சிக்கலே. 948 ஹெட்டின் எரியறை சிறியது, இன்லெட் வால்வும் சிறியது. போட்டு ஓட்டினால் வண்டி ஓடும், எதற்கு முட்டுகிறது என்று மட்டும் ஆயுசுக்கும் புரியாது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்ததில் முதல் எழுத்து 2 என்று தெரிந்தது. குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நானாவின் கடையில் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. நான் உட்காருவதற்குள் ஸ்பெனரை எடுத்து ரொக்கர் கவரின் இரண்டு நட்டையும் சுழற்றிவிட்டார். உள்ளே கறுத்துக் கட்டியாகிப் போன ஒயில். சாரத்தின் நுனியால் துடைத்து, "வாசிங்க டீச்சர், எனக்குக் கண்ணு போதல்ல" என்றார். 12ஜி202. அவரிடம் அந்த நம்பரில் இரண்டு ஹெட் இருந்தன. இரண்டையும் மேசையில் ஏற்றச் சொன்னேன். மேசை என்பது பழைய ரயில் பாதைச் சிலிப்பர் கட்டை இரண்டின் மேல் போட்ட இரும்புப் பலகை.

நுண்ணளவு பார்க்கும் வேர்னியர் கொண்டு போயிருந்தேன். நீங்களும் கொண்டு போங்கள், அவருடையதில் தாடை தேய்ந்திருக்கிறது. இந்த ஹெட்டின் புதுக் கனம் 2.75 அங்குலம், அதாவது 69.85 மில்லிமீட்டர். அடிமுகத்தை மட்டமாக்க எவ்வளவு சீவியிருக்கிறார்கள் என்பது அந்த ஒரு அளவில் தெரிந்துவிடும். அதிகம் சீவிய ஹெட்டில் கம்ப்ரஷன் ஏறிவிடும், பிறகு 92 பெற்றோலில் ஏற்றத்தில் டிக் டிக் என்று தட்டும். முதலாவது 69.4 காட்டியது. இரண்டாவது 69.3. இரண்டும் ஒருமுறை லேசாகச் சீவியவை, கவலையில்லை.

அடுத்தது வெடிப்பு. ஏ-சீரிஸ் ஹெட்டில் இன்லெட் சீட்டுக்கும் எக்ஸோஸ்ட் சீட்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய இடத்தில்தான் அது விழும். தண்ணீர் வற்றிச் சூடேறிய வண்டியின் ஹெட் என்றால் கட்டாயம் சந்தேகப்பட வேண்டும். இதற்குப் பெரிய மெசின் எதுவும் தேவையில்லை. கரியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயை அந்த இடம் முழுதும் ஊற ஊறத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, காய்ந்த துணியால் ஒட்டத் துடைத்து, மேலே சோக் தூள் தூவ வேண்டும். என் பையில் சோக் எப்போதும் இருக்கும், அந்தத் தொழில் அப்படி. இரண்டு கட்டியைக் கடதாசியில் வைத்துச் சுத்தியலால் நொறுக்கினேன். நானாவின் கடைப் பையன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். தூவிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம். முதல் ஹெட்டில், இரண்டாவது சிலிண்டரில், வெள்ளைத் தூளின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு மயிரிழைக் கோடு ஊறி வந்தது. சீட்டின் விளிம்பில் தொடங்கி அடுத்த சீட்டின் விளிம்பு வரைக்கும். வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் திரும்ப மேலே வந்திருக்கிறது.

நானா மறுக்கவில்லை, "அது கீறல் டீச்சர், வெடிப்பு இல்ல" என்று கதையும் விடவில்லை. என் கையிலிருந்த சோக்கை வாங்கி ஹெட்டின் பக்கவாட்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, பழைய இரும்புக் குவியலில் தள்ளச் சொன்னார். அது அவர் விற்றிருக்கக்கூடிய சாமான். வெல்ட் அடித்துத் தேய்த்து, அடுத்து வரும் ஆளிடம் தள்ளிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். இந்தக் கடையைப் பற்றி வேறு என்ன குறை சொன்னாலும் இந்த ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஹெட்டில் கோடு வரவில்லை. ஸ்பார்க் பிளக்குகளை முறுக்கிவிட்டு அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். ஒரு எக்ஸோஸ்ட் போர்ட்டில் மட்டும் லேசாகக் கசிந்தது, அது வால்வ் அரைத்தால் தீரும். 32,000 ரூபா கேட்டார், 26,000க்கு முடிந்தது. உரச்சாக்கில் சுற்றிக் கட்டி, ரயிலில் இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தோம். கண்டியில் லேத் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்து, நான்கு எக்ஸோஸ்ட் வால்வுக்கும் கெட்டியான சீட் வளையம் பதித்தேன். அந்தச் செலவை ஹெட்டின் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள். சீட் பதிக்காமல் போட்டால் பழைய பெற்றோல் கதை மறுபடியும் தொடங்கும்.

பேரம் பற்றி ஒரு வார்த்தை. நானாவிடம் விலைப் பட்டியல் கிடையாது, முகத்தைப் பார்த்துத்தான் விலை. பெரிய ஜீப்பில் கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தால் ஒரு விலை, ரயிலில் நனைந்து வந்தால் இன்னொரு விலை. இது நியாயமா என்று கேட்டால், இல்லை. 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குத் தாவிய பிறகு அவரும் விலையைத் தூக்கினார். சீமையிலிருந்து தபாலில் வரவழைக்கும் மொரிஸ் சாமான் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாக்கனியானது. 2020இலிருந்து 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதியும் நின்றிருந்ததால், ஓடக்கூடிய எந்தப் பழைய வண்டிக்கும் மவுசு கூடியது. இறக்குமதி திறந்த பிறகும் நானாவின் விலை இறங்கவில்லை. அதைச் சொன்னால், "ஏறின பஸ்ல இருந்து யாரு டீச்சர் சும்மா இறங்குறது" என்று சிரிக்கிறார்.

பெண்கள் இந்த மாதிரி இடத்துக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். நானா முதல் நாள் என் மாமாவைப் பார்த்துத்தான் "என்ன வண்டி, என்ன மொடல்" என்று கேட்டார். மாமா என்னைக் கை காட்டினார். அதற்குப் பிறகு நானா ஒருநாளும் மாமாவைக் கேட்டதில்லை. சாமான் வாங்க வரும் மற்ற ஆண்கள்தான் வேடிக்கை. நான் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது என்ன என்று எனக்கு விளக்குவார்கள். ஒரே உருப்படியான குறை, பெண்கள் போவதற்குக் கழிவறை இல்லை. ஸ்டேஷனிலேயே வேலையை முடித்துக்கொண்டு போங்கள்.

கொட்டகையின் வலது பக்கம், கிரீம் கிரெக்கர் டின்கள் அடுக்கிய தட்டில், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் எஸ்.யூ. காபரேட்டரின் சாமான்கள். எனக்குப் பிடித்த மூலை இதுதான், நேரம் போவதே தெரியாது. மேலே கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருக்கும் அறையும் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று பார்த்துப் பொருத்தி விட்ட ஜோடி. ஒன்றை எடுத்து மற்றதோடு கலந்தால் இறுகும், இல்லையென்றால் காற்று ஒழுகும். நானாவின் டின்னில் எல்லாம் கலந்து கிடக்கின்றன. பையன் கழுவும்போது கலந்துவிடுகிறான், எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. அதனால் நீங்களே ஜோடி தேட வேண்டும். பிஸ்டனை அறைக்குள் விட்டு, துளைகளை விரலால் அடைத்து, தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். பொருந்திய ஜோடி அவசரமில்லாமல், தடங்கலில்லாமல் வழுக்கி இறங்கும். பொத்தென்று விழுந்தால் திருப்பி டின்னிலேயே போட்டுவிடுங்கள்.

அதே தட்டில் ஒரு மாத்திரைப் போத்தலில், காபரேட்டரில் பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கும் ஊசிகள். ஊசியின் தண்டில் எழுத்துப் பொறித்திருக்கும், வாசிக்கப் பூதக்கண்ணாடி தேவை. 1098க்குக் கொம்பனி கொடுத்தது ஏஎன். கனமான கலவைக்கு எச்6, மெல்லிய கலவைக்கு ஈபி. கொழும்பில் ஓடுகிறவருக்கு ஏஎன் போதும். நாங்கள் இருப்பது ஹட்டனில், 1,270 மீட்டர் உயரம். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. பெற்றோல் அதே அளவு வந்து காற்று குறைந்தால் பிளக் கறுப்பாகும், சைலன்சரில் புகை தள்ளும். ஈபி ஊசி ஒன்றைப் போத்தலின் அடியில் கண்டெடுத்துப் போட்டதிலிருந்து என் பிளக்குகள் பிஸ்கட் நிறத்தில் இருக்கின்றன. அந்த ஊசிக்கு நானா காசு வாங்கவில்லை. தயவில் அல்ல, இத்தனை சிறிய சாமானுக்கு என்ன விலை சொல்வது என்று தெரியவில்லை.

லூகஸ் கொம்பனியின் மின் சாமான்களில் கவனமாக இருங்கள். பழையதில் பயமில்லை. உடம்பிலேயே மொடல் நம்பரும், செய்த மாதமும் ஆண்டும் அடித்திருக்கும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றில் சாஃப்டை விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் கையில் தெரிந்தாலே பொயிண்ட் இடைவெளி ஒரு நிலையில் நிற்காது, விட்டுவிடுங்கள். பயப்பட வேண்டியது நானா கண்ணாடிப் பெட்டிக்குள் பவுசாக வைத்திருக்கும் புது ரோட்டர், புது பொயிண்ட், புது கொண்டென்சர்களுக்குத்தான். எங்கிருந்தோ வரும் நகல்கள். ரோட்டரின் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் உள்ளே ஆழமாக இறங்கி சாஃப்டுக்குக் கிட்டப் போய்விடுகிறது. சூடேறியதும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியில் பாய்ந்துவிடும். வண்டி மழையில் நடு ரோட்டில் நிற்கும். ஆறினால் ஓடும், மறுபடி நிற்கும். அந்தப் பெட்டியைக் காட்டி இதை நேராகவே நானாவிடம் சொன்னேன். "கேக்குறாங்க, வெக்கிறேன்" என்றார். அவருடைய பழைய சாமானுக்கு நான் சாட்சி சொல்வேன், அந்தப் பெட்டிக்குச் சொல்ல மாட்டேன்.

நம் நாட்டில் கிடைக்கும் பழைய சாமானில் இன்னொரு விஷயம் உண்டு. 1970க்கும் 77க்கும் இடையில், சிறிமா அம்மையார் காலத்தில் இறக்குமதி அடைபட்டிருந்தபோது, எதையும் தூக்கி எறியாமல் செப்பம் செய்துதான் ஓட்டினார்கள். தேய்ந்த சிலிண்டருக்குள் சிலீவ் என்ற புதுக் குழாயை அடித்தார்கள். தேய்ந்த சாஃப்டை வெல்டில் நிரப்பிக் கடைந்தார்கள். கேஸ்கட்டைச் செப்புத் தகட்டில் வெட்டிக்கொண்டார்கள். ஆகவே சீமை அளவு என்று நம்பி எதையும் வாங்கக் கூடாது. பிஸ்டன் தலையில் 020, 040 என்று அடித்திருந்தால் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது, நாற்பது பங்கு பெரிதாக்கிய சிலிண்டருக்கு உரியது. ரிங் வாங்கும்போது அந்த நம்பரைப் பார்க்காமல் வாங்கி வந்து புலம்பியவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அந்தக் காலத்து வேலை மட்டம் என்றும் சொல்ல முடியாது. நானாவிடம் நான் பார்த்த ஒரு தண்ணீர்ப் பம்பில் யாரோ பித்தளையில் கடைந்து போட்டிருந்த புஷ், கொம்பனிச் சாமானை விடச் சுத்தமாக இருந்தது.

மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் இன்னும் நல்லது. கொட்டகைக்கு முன்னாலுள்ள வெட்டையில் நாலைந்து பேர் சாக்கு விரித்துத் தங்கள் சாமானைப் போடுவார்கள். நானா வாடகை வாங்குவதில்லை, பார்வை மட்டும் வாங்குவார், அதாவது எல்லாவற்றையும் முதலில் அவர் பார்த்துவிடுவார். பெற்றோமக்ஸ் விளக்கு, வால்வ் ரேடியோ, தையல் மெசின் சக்கரம், அவற்றுக்கு நடுவே திடீரென்று ஒரு லேண்ட் ரோவர் ஒயில் பம்ப். லண்டனில் இருக்கும் சின்னம்மா மகன், இங்கிலாந்தில் பியூலி மோட்டார் மியூசியத்தில் 1967இலிருந்து வருஷா வருஷம் நடக்கும் பழைய சாமான் சந்தையின் படங்களை அனுப்பினான். கூடாரம் கூடாரமாகப் போகிறது, ஒவ்வொரு சாமானிலும் நம்பர் எழுதிய துண்டு தொங்குகிறது. பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படங்களிலும் ஆட்கள் குனிந்து சேற்றில் கிடக்கும் பெட்டியைத்தான் கிளறுகிறார்கள்.

மாமாவுக்கு வேண்டியது மோட்டார் கார் அல்ல. அவர் தோட்டத்து பெக்டரியில் பிட்டராக இருந்தவர். கொட்டகையின் பின்பக்கம் கிடக்கும் எஞ்சின் சாமானைப் பார்த்துவிட்டால் அவரை அங்கிருந்து கிளப்ப முடியாது. லைன் கரண்ட் வருவதற்கு முன் தேயிலை பெக்டரிகள் தங்கள் எஞ்சினில்தான் ஓடின. லிங்கனிலிருந்து வந்த ரஸ்டன், டர்ஸ்லியிலிருந்து வந்த லிஸ்டர், பிறகு பெட்டர். தோட்டங்கள் 1972இலும் 75இலும் அரசாங்கத்துக்குப் போய், 1992இல் திரும்பக் கொம்பனிகளிடம் வந்தன. பெக்டரிகள் பல மூடப்பட்டன, எஞ்சின்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. அதில் தப்பிய துண்டுகள்தான் நானாவின் பின்பக்கத்தில் இருக்கின்றன.

மாமா ஒரு இன்ஜெக்டரைக் கையிலெடுத்து, துடைத்து, லிஸ்டர் 6/1 என்றார். ஆறு குதிரை, ஒரு சிலிண்டர், நிமிஷத்துக்கு 650 சுற்று. "இந்தச் சத்தம் நின்னா நாங்க தூக்கத்துல இருந்து எந்திரிச்சிருவோம்மா" என்றார். இரவு வேலையில் கொழுந்து வாட்டும் விசிறிகளுக்கு இதுதான் உயிர். நின்றால் கொழுந்து கெட்டுவிடும், காலையில் டீமேக்கரின் முகத்தில் முழிக்க முடியாது. பிறகு நானாவும் மாமாவும் டீகம்ப்ரஷன் லீவரைப் பற்றி வாக்குவாதம் தொடங்கினார்கள். பிளேன்டீ இரண்டாவது சுற்று வந்தது. நான் என் ரயிலை விட்டேன்.

பின்பக்கச் சாமானுக்கு இப்போது வேறு போட்டி வந்திருக்கிறது. பங்களாவையும் பழைய பெக்டரியையும் ஹோட்டலாக்குகிறவர்கள் சுவரில் மாட்டுவதற்கு எஞ்சினுக்கு எண்ணெய் விடும் பித்தளை ஒயிலர், கேஜ், பிளைவீல் எல்லாவற்றையும் அள்ளிப் போகிறார்கள். கந்தப்பளை ஹெதர்செட் பெக்டரி 1990களில் ஹோட்டலானபோது அதன் எஞ்சினை அப்படியே காட்சிக்கு விட்டுவைத்தார்கள், அது மரியாதையான வேலை. ஹந்தானையில் 1925இல் கட்டிய பெக்டரிக் கட்டடத்துக்குள் இருக்கும் தேயிலை மியூசியத்திலும் பழைய எஞ்சின்களைப் பார்க்கலாம். சாமானின் முழு உருவம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் நானாவிடம் போவதற்கு முன் அங்கே போய்ப் பார்ப்பது உதவும். ஆனால் ஒரு ஒயிலரை மட்டும் கழற்றி விளக்காக்குகிறவர்களுக்கு நானா மூன்று மடங்கு விலை சொல்கிறார். அந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நவலப்பிட்டியின் மழை உங்களுக்குத் தெரியும். நானாவின் கூரைக்குத் தெரியாது போல, நாலு இடத்தில் ஒழுகுகிறது. புளொக்குகளை வெளியில் அடுக்கி, சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்க விட்டிருக்கிறார். ஒரு தகரம் கவிழ்த்து வைத்தால் தப்பியிருக்கும் நல்ல புளொக் இரண்டு துருப்பிடித்துப் போனதை என் கண்ணால் பார்த்தேன். சாமான் எதற்கும் அடுக்கு முறை இல்லை. ஒஸ்டின் மேனிஃபோல்டுக்குள் ஹில்மன் சாமான் இருக்கும். பில் கிடையாது, கார்ட் எடுக்க மாட்டார், சல்லியாகக் கொண்டு போக வேண்டும். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குக் கடை சாத்தினால் ஜும்மா முடிந்து சாப்பிட்டு வர மூன்றாகும். போன் அடித்தால் எடுக்க மாட்டார். எடுத்தாலும் "வாங்க பாக்கலாம்" என்பதுதான் எந்தக் கேள்விக்கும் பதில்.

திருப்பிக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். ஒயில் பம்ப் ஒன்று என் புளொக்குக்குச் சேராமல் அடுத்த வாரம் திருப்பிக் கொண்டுபோனேன். முகம் சுளிக்காமல் வாங்கி வைத்தார். காசாகத் தரவில்லை, அந்தத் தொகைக்கு வேறு சாமான் எடுக்கச் சொன்னார். பில் இல்லாத கடையில் அவருக்கு விலை ஞாபகம் இருந்ததே பெரிய விஷயம்.

கடைசியாகப் போனபோது கிடந்தவை: லேண்ட் ரோவர் இரண்டேகால் லீட்டர் பெற்றோல் எஞ்சினின் ஹெட் இரண்டு, வெடிப்பு பார்க்கவில்லை. 948இன் கிராங்க் ஒன்று, ஜேர்னலில் துரு இல்லை, யாராவது சீக்கிரம் எடுங்கள். சைட்வால்வ் மைனர் வைத்திருக்கும் அபூர்வ பிறவிகளுக்கு ஒரு முழு வால்வ் செட். அந்த எஞ்சினில் மரை மெட்ரிக், நட்டின் தலை மட்டும் விட்வொர்த் என்ற பழைய சீமை அளவு. நட்டையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள், வெளியில் கிடைக்காது. மேல் தட்டில் பச்சைத் துணியில் சுற்றி லூகஸ் சி40 டைனமோ ஒன்று இருக்கிறது. அதை இறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அது எனக்காக எடுத்து வைத்தது, சம்பளம் வந்ததும் போய் எடுப்பேன்.